சைக்கிள் ரிம் வாங்குவோர் சிந்தனைக்கு

லயத்துக்கு லயம் மோட்டார் சைக்கிள் வந்துவிட்ட இந்நாளில், சைக்கிள் சக்கரத்தைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். பெட்ரோலுக்கு எடுத்து வைக்கும் காசு வெட்டுக் கூலியிலிருந்துதான் போகிறது என்பதை உணர்ந்த தோழர்கள் இன்னமும் சைக்கிளை விட்டுவிடவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியானாலும் சரி, கணக்குப் புத்தகத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகும் கிராணியானாலும் சரி, சைக்கிள் மிதிக்கிறவர் தம் உடலையும் உயிரையும் இரண்டு வளையங்களின் மேல் ஏற்றிச் செல்கிறார். அந்த வளையங்களைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அலட்சியத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

தோட்டப் பாதைக்கு ஏற்றது ஹப்புக்குள்ளேயே கியர் அடங்கிய சைக்கிள்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. செம்மண் சேறும் மழைநீரும் எளிதில் உள்ளே புகா. சங்கிலி பல்லுக்குப் பல் தாவ வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1902-ல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேக ஹப்பை நம் பெரியவர்கள் நன்கு அறிவர். 1936-ல் வந்த அதன் 'ஏ.டபிள்யூ.' ஹப்பில், நடுக் கியரை 100 என்று வைத்தால் மேட்டுக்கான கியர் 75, சமவெளிக்கான கியர் 133. பால் தோம்பு கட்டிய சைக்கிளை மேட்டில் ஏற்ற அந்த 75 எவ்வளவு உதவும் என்பதை முழங்கால் சொல்லும். 2000-ம் ஆண்டில் அந்தத் தொழில் தைவான் கைக்கு மாறியது. ஆனால் ஹப்பின் தத்துவம் மாறவில்லை.

ஹப் இவ்வளவு உறுதியாக இருப்பதாலேயே ஒரு தீமையும் விளைகிறது. "ஹப் நன்றாக ஓடுகிறதே, ரிம் எதுவாயிருந்தால் என்ன?" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடையில் எது மலிவோ அதை வாங்கி மாட்டுகிறார்கள். இது தவறு என்பது நம் அபிப்பிராயம்.

முதற் கேள்வி, இரும்பு ரிம்மா அலுமினிய ரிம்மா என்பது. இரும்புக்காகப் பேசும் பெரியவர்களின் வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. வேரில் மோதி இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். பிரேக் கட்டை உரசி அது எளிதில் தேயாது. அலுமினியமோ தேயும், பிரேக் கட்டையில் மணல் ஒட்டினால் இன்னும் விரைவாகத் தேயும். இவையெல்லாம் உண்மையே.

ஆனால் மழை பெய்தால்? குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தவுடன் பிரேக்கின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோகும். கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிற்பகல் மழையில் சரிவில் இறங்கும்போது எதிரே லாரி வந்தால், நெளிந்த ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம் என்ற ஆறுதல் எதற்கு உதவும்? நனைந்தாலும் அலுமினியம் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கிறது. தேயும் பொருளை மாற்றிவிடலாம். போன காலை மாற்ற முடியாது. ஆகவே ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளுக்கு அலுமினிய ரிம்மே தக்கது என்கிறோம். பிரேக் ஹப்புக்குள்ளேயே இருந்தால் இந்த வாதத்துக்கு இடமில்லை. அங்கே இரும்பும் போதும்.

இரண்டு ரிம்மும் ஒரே மாதத்தில் வாங்க முடியாத தோழர் என்ன செய்வது? முதலில் முன் சக்கரத்தை மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. முன் சக்கரத்தில் கியர் ஹப் இல்லாததால் வேலையும் எளிது. அதற்கும் வசதியில்லாதவர்கள், இரும்பு ரிம்முக்கென்றே தோல் பதித்துச் செய்யப்படும் பிரேக் கட்டைகளையாவது தேடி மாட்டுங்கள். அந்தத் தோல் கட்டையை அலுமினிய ரிம்மில் போடக்கூடாது.

கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிள்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை; ஹப்பை நோக்கிய உட்புறத்தைப் பிடிக்கிறது. தட்டையான பக்கமுள்ள சாதாரண அலுமினிய ரிம் அதற்குப் பொருந்தாது. கடைக்காரர் பொருந்தும் என்றாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது அளவு. நம்மவர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "இருபத்தாறு" என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு அளவுகள் கைக்கு வரலாம். பழைய மூன்று வேகச் சைக்கிளின் 26 x 1 3/8 டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் இருபத்தாறோ 559 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 31. ரிம்மின் விளிம்பு 15.5 மில்லிமீட்டர் கீழே போய்விடுவதால் பிரேக் கட்டை எட்டாது, டயரைக் கடிக்கும். "இருபத்தெட்டு" என்பதிலும் இதே குழப்பம் உண்டு: ஒன்று 635, மற்றொன்று 622. டயரின் பக்கத்தில் 37-590 என்பதுபோல் அச்சடித்திருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது விட்டம். அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

துவாரங்களையும் எண்ணுங்கள். பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 என்பது வழக்கம். வேறு ஹப்புகளில் 36 இருக்கும். ஹப்பில் எத்தனையோ ரிம்மிலும் அத்தனை வேண்டும். சுமை ஏற்றும் பின் சக்கரத்துக்கு 36-க்குக் குறையாமலிருப்பது நலம். இரட்டைச் சுவருள்ள ரிம் கிடைத்தால் அதையே எடுங்கள். ரிம்மின் ஆழம் மாறினால் ஸ்போக்ஸ் கம்பியின் நீளமும் மாறும் என்பதால், பழைய கம்பிகளை அப்படியே போட்டுத் திருகச் சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள்.

நம் தொழிலுக்கே உரிய இன்னொரு செய்தி. பால் உறையாமலிருக்க நாம் ஊற்றும் அம்மோனியா, இறுக்கத்திலுள்ள பித்தளையை வெடிக்கச் செய்யும் குணமுடையது. கம்பிகளை ரிம்மோடு இணைக்கும் நிப்பிள்கள் பெரும்பாலும் பித்தளையே. ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டோ இரும்பை அரிக்கும். ஆகவே பால் சிந்திய சக்கரத்தை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இவ்வளவும் தொழிலாளி செய்ய வேண்டியது. தோட்ட நிர்வாகத்துக்குக் கடமை இல்லையா? எத்தனை நல்ல ரிம் போட்டாலும், மழை அரித்த பள்ளத்தை மாதக்கணக்கில் மூடாமல் விட்டால் சக்கரம் நிற்காது. பால் தோட்டத்துக்கு, பாதையும் தோட்டத்துக்கு, உடையும் ரிம் மட்டும் தொழிலாளிக்கா? பாதைப் பழுதைக் கிளைக் கூட்டத்தில் எழுத்துமூலம் எழுப்புங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். 1969-ம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சந்தா கட்டப்பட்ட தொழிலாளி வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் அடைந்த விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். சைக்கிளில் விழுந்தவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டி, நிர்வாகத்துக்கும் கிளைத் தலைவருக்கும் தெரிவித்து, பெர்கேசோவில் உரிமையைக் கேளுங்கள். சொந்த வேலைக்காக வழியை மாற்றிப் போயிருந்தால் அந்த உரிமைக்குத் தடை வரலாம் என்பதையும் அறிந்திருங்கள்.

முடிவாக ஒரு யோசனை. 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே வாங்கிய சமுதாயம் நம்முடையது. பத்துப் பேர் சேர்ந்து பத்து ரிம் ஒன்றாக வாங்க நம்மால் முடியாதா? ஒரே அளவு, ஒரே துவாரம் என்று முடிவு செய்து மொத்தமாகக் கேட்டால் விலை பேசலாம். சக்கரம் கட்டி பெண்டு எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் தோட்டத்துக்குத் தோட்டம் இன்னும் இருக்கிறார். அவரிடம் இரண்டு இளைஞரை உட்கார வையுங்கள். அந்தக் கைவேலை அவரோடு மறைந்துவிடக்கூடாது.

மலிவான ரிம்மின் முழு விலையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அது ஒரு மழை நாளில் சரிவில்தான் தெரியவரும். அதற்கு முன்னரே விழித்துக்கொள்வோம்.