மண்டியிடும் இடம்

திருப்பூருக்குக் கிறிஸ்துமஸ் ஆனி, ஆடியிலேயே வந்துவிடும். கலைமானும் சிவப்புத் தொப்பித் தாத்தாவும் அச்சிட்ட பனியன்களும் குழந்தைகளின் இரவு உடைகளும் கட்டிங் மேசையிலிருந்து ஓவர்லாக் தையலுக்கும் அங்கிருந்து செக்கிங், பேக்கிங்குக்கும் நகர்ந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கப்பலேறிவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்ததும் அந்த ஓட்டம் தடுமாறியது. ஆர்டர்கள் நின்றன, ஷிப்டுகள் குறைந்தன. கடல் கடந்து கொண்டாடப்படும் ஒரு விழா நம் பங்குகளில் எத்தனை வீடுகளின் அடுப்போடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்த வாரங்களில் கண்ணால் பார்த்தோம்.

இந்த உடைகள் போய்ச் சேரும் நாடுகளில் விசுவாசத்தின் நிலை வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிந்துகொண்டவர்கள் 46.2 விழுக்காடு. பாதிக்குக் கீழே அந்த எண்ணிக்கை இறங்கியது அதுவே முதல் முறை. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. ஆனாலும் அங்கே கடைவீதிகளில் கிறிஸ்துமஸ் சுருங்கவில்லை. விசுவாசம் இல்லாமலும் இந்த விழாவை நடத்தலாம் என்பதை அந்தச் சமூகங்கள் செய்தே காட்டிவிட்டன.

கொங்கு நாட்டிலும் இதுதான் நடக்கப்போகிறதா? பங்குத்தந்தையர் கூடும்போதும் மறைக்கல்வி ஆசிரியர்கள் கூடும்போதும் இந்தக் கவலை எழுகிறது. அதே இடத்துக்கு நாம் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது என் கணிப்பு.

கடவுள் மறுப்பு நமக்குப் புதிதில்லை. பெரியார் 1879இல் பிறந்தது ஈரோட்டில்தான். சாமியின் பெயரைச் சொல்லி ஒரு மனிதனை எதற்காகக் கீழே வைத்தாய் என்று இந்த மண் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அந்தக் கேள்விக்கு நம் ஆலயங்களும் கல்லறைத் தோட்டங்களும் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பவர் கடவுளோடு சண்டை போடும் அளவுக்குக் கடவுளைப் பொருட்டாக எண்ணுகிறவர். மாட்டுக் கொட்டிலில் பிறந்த கடவுளைப் பற்றி அவரிடம் பேச நமக்கு நிறைய இருக்கிறது. பேசுவதற்குக் கடினமானவர் வேறொருவர். மாலில் நிற்கும் பெரிய மரத்தின் கீழும் நம் ஆலயக் குடிலின் முன்னும் ஒரே மலர்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டு, கேக்கை வாங்கிக்கொண்டு, "சாமி எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்று கைகூப்பிவிட்டுப் போகிறவர்.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. 1997 நவம்பர் இறுதியின் கலவரக் கொலைகளையும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளையும் கண்ட ஊர் கோயம்புத்தூர். பெரியகடை வீதியில் உள்ள புனித மைக்கேல் பேராலயத்துக்குள் வேற்று மதத்து அயலார் ஒருவர் தயக்கமின்றி நுழைந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார் என்றால், அந்த நினைவுகளைச் சுமக்கும் நகரத்தில் அது பெரிய காரியம். கட்சிகளும் அமைப்புகளும் நடத்தும் சமத்துவக் கிறிஸ்துமஸ் விழாக்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அந்த நட்பை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும்.

என் வருத்தமெல்லாம் நம்மைப் பற்றியதுதான். அந்த மேடைகளில் பேசிப் பேசி, அங்கே சொல்வதையே பீடத்திலும் சொல்லப் பழகிவிட்டோம். அன்பு, சமாதானம், பகிர்வு, ஏழைகளுக்கு உதவி. எல்லாம் உண்மை. ஆனால் அந்த மேடையில் நமக்கு முன் பேசிய மாவட்ட அலுவலரும் நமக்குப் பின் பேசிய தொழிலதிபரும் இதையேதான் சொன்னார்கள், சில சமயம் நம்மைவிட அழகாக. கிறிஸ்துமஸின் சமயப் பொருளைச் சந்தை பறித்துக்கொண்டது என்கிறோம். அதில் பாதியை, கேட்பவர் மனம் நோகாதிருக்க வேண்டும் என்று நாமே இறக்கி வைத்திருக்கிறோம்.

நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்ற ஒன்று உண்டு. அதை நினைவூட்டப் பொருத்தமான ஆண்டாக 2025 வாய்த்தது. நீசேயாப் பொதுச்சங்கம் கூடியது 325இல். அதன் 1700ஆம் ஆண்டையொட்டித் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 நவம்பரில் அந்த ஊருக்கே, இன்றைய துருக்கியின் இஸ்னிக்குக்கு, சென்று வந்தார். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் சொன்னதை நாம் குருமடத்தில் ஒரு பாடமாகப் படித்து மறந்திருப்போம். இறைமகன் மேலானவர், எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்பது அவர் போதனை. சங்கம் அதை மறுத்தது. தந்தைக்கு எவ்வகையிலும் குறையாத கடவுளே இவர் என்று அறிக்கையிட்டது.

ஆயரும் குருக்களும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பழைய வழக்கு இது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், பெத்லகேமில் பிறந்தவர் கடவுள் அனுப்பிய உயர்ந்ததொரு படைப்பு. அவர் பிறந்த நாளுக்கு விளக்கும் வாழ்த்தும் இனிப்பும் போதும். மாலின் மரமே போதும். நீசேயா சொன்னது சரியென்றால், அந்தக் கொட்டிலில் பசித்து அழுதவர் கடவுள். பாலுக்காகத் தாயின் மார்பைத் தேடியவர் கடவுள். குளிரில் நடுங்கியவரும் அவரே. உடல் என்பதும் உழைப்பு என்பதும் வறுமை என்பதும் கடவுளுக்குச் செவிவழிச் செய்தியாக இனி இருக்க முடியாது. சாமி எல்லாம் ஒன்றுதான் என்கிற நல்ல மனிதர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை. அப்படியொரு செய்தி இருப்பதே தெரியாமல் அவர் கேக்கோடு வீடு திரும்பினால் பொறுப்பு நம்முடையது.

நின்று யோசிக்கும் அந்த இடத்தைத் திருவழிபாடு நமக்காக ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறது. விசுவாச அறிக்கையில் இறைமகன் மனிதரானதைச் சொல்லும் சொற்களில் மற்ற ஞாயிறுகளில் தலைவணங்குகிறோம். ஆண்டில் இரண்டே பெருவிழாக்களில், மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் கிறிஸ்து பிறப்பிலும், அதே இடத்தில் மண்டியிடுகிறோம். கிறிஸ்துமஸ் இரவில் அந்த இடம் எப்படிக் கழிகிறது என்று ஒவ்வொருவரும் தம் ஆலயத்தை எண்ணிப் பார்க்கட்டும். பாடகர் குழு அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். முன்வரிசை முழங்காலிடும், பின்வரிசை தயங்கி நிற்கும், அறிக்கை அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். இந்த ஆண்டு அங்கே நிறுத்துங்கள். அறிக்கை தொடங்குமுன், ஏன் மண்டியிடப்போகிறோம் என்று மூன்று வாக்கியத்தில் எளிய தமிழில் சொல்லுங்கள். பின்வரிசையில் நிற்கும் அயலாருக்காகவே சொல்லுங்கள். மண்டியிட்டபின் ஓர் அமைதி இருக்கட்டும். மறையுரையில் கிறிஸ்துமஸ் தாத்தாவைத் திட்டிச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

குடில் விஷயத்துக்கு வருகிறேன். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் செய்தது மிக எளிமையானது. தீவனத் தொட்டியில் வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள மாடும் கழுதையும், அதன்மேல் திருப்பலி. இன்று நம் பங்குகளின் குடில் போட்டிகளில் பஞ்சுப் பனியும் ஊசியிலை மரங்களும் செயற்கை அருவியும் பரிசு வாங்குகின்றன. நற்செய்தியாளர் லூக்கா எழுதியதைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்து மக்களுக்குப் பஞ்சுப் பனி எதற்கு? கட்டுத்தரையின் சாண வாடையும் தீவனத் தொட்டியின் ஈரமும் இங்கே யாருக்குத் தெரியாது? காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்கு உள்ளே கொழுக்கட்டைப் புல்லில் ஆடும் மாடும் மேய்கின்றன. அறுத்த காட்டில் ஆட்டுக்குப் பட்டி போட்டு, மார்கழிப் பனியில் கம்பளிக்குள் சுருண்டு காவல் கிடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வானதூதரின் செய்தி முதலில் போனது அந்த வேலை செய்பவர்களிடம்தான் என்று சொன்னாலே போதும், விளக்கவுரை தேவைப்படாது. குடிலில் ஒரு காங்கேயம் காளை நிற்கட்டும். போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

விசுவாசம் இந்த மண்ணின் உருவை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் ஆண்டகைக்கு அப்போது வயது 32. இந்த மண்ணின் மக்களிலிருந்தே குருக்கள் எழ வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1855இல் பொறுப்பிலிருந்து விலகி, மறு ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தை நிறுவினார். 1859இல் ஃப்ரீடவுனில் கொள்ளைநோய்க்கு இரையானார். கடவுள் ஒரு நாட்டின் உடலை எடுத்துப் பிறந்தார் என்று நம்புகிறவர், போகும் நாட்டில் திருச்சபையும் அந்நாட்டின் உடலோடு பிறக்க வேண்டும் என்று உழைப்பது இயல்பே.

அதே கருமத்தம்பட்டியைச் சுற்றித்தான் சோமனூர் விசைத்தறிகள் ஓடுகின்றன. கூலி உயர்வு கேட்டு 2025இல் தறிகளை நிறுத்திப் போராடிய குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவிநாசி, பல்லடம் பக்கத்து நூற்பாலைகளின் விடுதிகளில் ஊரைவிட்டு வந்த பெண்கள் தங்கி வேலை செய்கிறார்கள். தன்பாத் ரயில் திருப்பூரில் நிற்கும்போது மூட்டைகளோடு இறங்கும் இளைஞர்களுள் ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிறிஸ்தவர்களும் உண்டு. லூக்கா இயேசு பிறப்பின் கதையைப் பேரரசர் அகுஸ்துவின் பதிவு ஆணையில் தொடங்குகிறார். நிறைமாதக் கர்ப்பிணியோடு யோசேப்பு வழிநடந்தது அந்த ஆணைக்காகத்தான். 2025 நவம்பர் 4 முதல் தமிழகம் முழுவதும் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், பதிவு இங்கேயா சொந்த ஊரிலா என்று தெரியாமல் விழித்த தொழிலாளி லூக்காவின் அந்த முதல் வரிகளை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். ஏழைகள்மீதான அன்பைப் பற்றித் திருத்தந்தை லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட "டிலெக்ஸி தே" ஊக்கவுரையை மறையுரைக்காகப் படிக்கிறவர்கள், தம் பங்கு எல்லையின் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளட்டும்.

கரோல் குழுக்களுக்கு இந்த ஆண்டு ஒரு வேண்டுகோள். காணிக்கை தரும் வீடுகளோடு பயணத்தை முடிக்காதீர்கள். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இருக்கும் மில் விடுதிகள், பனியன் கம்பெனித் தங்குமிடங்கள், செங்கல் சூளைகளைப் பட்டியலிடட்டும். விடுதிப் பொறுப்பாளர்களிடம் இப்போதே பேசி அனுமதி வாங்குங்கள். கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. இரவுத் திருப்பலிக்கு வர விரும்புகிறவர்களை அழைத்துவரவும், ஷிப்டுக்குள் திரும்பக் கொண்டுவிடவும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள். நற்செய்தியைத் தமிழில் வாசித்தபின் இந்தியிலும் ஒருவர் வாசிக்கட்டும். அதற்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டாம், அந்த விடுதியிலேயே இருப்பார்.