எரிமலைக்குள்ள குடியிருக்கிறவங்க முட்டாள்களா?

ஃபோகோ போயிட்டு வந்ததுல இருந்து, ஃபோட்டோ பார்க்கிற அத்தனை பேரும் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இவங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

கேள்வியில தப்பில்லை மக்களே. போறதுக்கு முன்னாடி நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். செனகலுக்கு மேற்கே அட்லாண்டிக்ல சுமார் 570 கி.மீ. தள்ளி கேப் வெர்டி. பத்து தீவு, அதுல ஒன்பதுலதான் ஆள் குடியிருப்பு. 1975 வரைக்கும் போர்த்துகீசியர் ஆட்சி. 'வெர்டி'ன்னா பச்சை. நம்பி ஏமாறாதீங்க, அது எதிர்க்கரையில இருக்கிற செனகல் முனையோட பேரு :-) தீவுகள் பெரும்பாலும் காய்ஞ்சு கிடக்கு. ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரை மழை வந்தா உண்டு, வராமலும் போகும். தலைநகர் ப்ரையாவுல இருந்து சின்ன ப்ளேன்ல அரைமணி நேரத்துல ஃபோகோ. அந்தப் பேருக்கு அர்த்தமே தீ. தீவு மொத்தமும் ஒரே எரிமலை, கடற்கரை மணல்கூட கறுப்பு.

மேல ஏறிப் போனா ஒன்பது கி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய கிண்ணம். மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறைச் சுவர், நடுவுல 2,829 மீட்டர் உயரத்துக்கு எரிமலைச் சிகரம். அந்தக் கிண்ணத்துக்குள்ளதான் ஊரு. ஷான் தாஸ் கால்டேராஸ்னு பேரு, சுருக்கமா ஷான். 1951ல வெடிச்சுது. 1995ல வெடிச்சுது. 2014 நவம்பர் 23ல ஆரம்பிச்சு அடுத்த பிப்ரவரி வரைக்கும் வெடிச்சுது. அந்தத் தடவை போர்த்தேலா, பங்கயேரான்னு ரெண்டு ஊரும் போச்சு. வீடு, பள்ளிக்கூடம், கூட்டுறவு ஒயின் ஆலை, அப்பதான் கட்டி முடிச்ச தேசியப் பூங்கா ஆபீஸ், எல்லாம் குழம்புக்கு அடியில. ஏறக்குறைய ஆயிரம் பேரை வெளியேத்தினாங்க.

அத்தனை பேர்ல நிறைய பேர் திரும்பி வந்துட்டாங்க! இறுகின குழம்பு மேலயே வீடு கட்டி இருக்காங்க.

நான் தங்கின வீட்டுப் பாட்டிகிட்ட, கைடு தம்பியை வச்சுக்கிட்டு கேட்டேன், "பயமா இல்லையா?"ன்னு. பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... "மலை எங்க வீட்டைத்தான் எடுத்துது. மழை வராத வருஷம் ஆளையே எடுத்துச்சு"ன்னாங்க.

எனக்கு அங்கதான் உறைச்சுது. 2014ல ஒருத்தர்கூட சாகலை. குழம்பு ஊர்ந்து வர வர, ஜனங்க கதவு, ஜன்னல், கூரைன்னு கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஆனா 1940கள்ல அந்தத் தீவுகள்ல வறட்சியால வந்த ரெண்டு பஞ்சத்துல பல்லாயிரம் பேர் செத்தாங்க. ஃபோகோவுக்கு பலமான அடி. வெளியூர்க்காரன் கண்ணுக்கு எரிமலைதான் எமன். அவங்களுக்கு எமன் வேற.

இன்னொண்ணு. அந்த எரிமலைச் சாம்பல் வெறும் சாம்பல் இல்லை. கொஞ்சூண்டு மழை, ராத்திரிப் பனி, எது விழுந்தாலும் அடியில ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது. தண்ணியே பாய்ச்சாம, குழி குழியாத் தோண்டி திராட்சைக் கொடி போட்டிருக்காங்க. அத்தி, மாதுளை, தக்காளி எல்லாம் விளையுது. சாப்பாட்டுல துவரை போட்டாங்க! நம்ம துவரையேதான், அங்க பேரு காங்கோ பீன்ஸ். (ஒயின் கதை தனி. 19ஆம் நூற்றாண்டுல மோன்ட்ரோன்னு ஒரு பிரெஞ்சுப் பிரபு வந்து கொடி நட்டாராம். ஊர்ல பல பேருக்கு இன்னும் அந்தக் குடும்பப் பேரு.)

1995க்கு அப்புறம் கீழ அஷாடா ஃபுர்னா பக்கம் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்துச்சு. வீடு கொடுத்தாங்க சரி, கொடி எங்க? சாம்பல் எங்க? நாலு சுவரு சோறு போடுமா? வயக்காடு மேல, வீடு கீழன்னா எந்த விவசாயி இருப்பான்? நம்மளை மாதிரி சம்பளக்காரங்க போட்ட கணக்கு அது.

அதனால என் கட்சி இதுதான். கீழ இன்னும் வீடு கட்டற காசை, கிண்ணத்துல இருந்து வெளிய வர இன்னொரு நல்ல ரோட்டுக்குப் போடணும். 2014ல இருந்த ஒரே ரோட்டையும் குழம்பு மூடிட்டு, அவசரத்துக்கு மாத்துப் பாதை போட வேண்டியதாப் போச்சு. எப்ப கிளம்பணும்னு நேரத்துக்கு யாராவது சொன்னா போதும், ஓடத் தெரிஞ்ச ஜனங்கதான் அவங்க.

ஒரு இடத்துல மட்டும் பாட்டியோட எனக்கு ஒத்துப் போகலை. பெரியவங்க தெரிஞ்சு எடுத்த முடிவு, சரி. அங்க கறுப்பு மண்ணுல பந்து விளையாடிட்டிருந்த பொடிசுங்களை யாரு கேட்டாங்க? அடுத்த தடவையும் மெதுவாத்தான் வரும்னு மலை எழுதிக் கொடுத்திருக்கா? இதைக் கேட்டதும் பாட்டி பதில் சொல்லலை, ஒயின் ஊத்தினாங்க. என்னை மாதிரி வேடிக்கை பார்க்க வர்றவன் காசுலதான் அந்த வீட்டு அடுப்பு பாதி எரியுது. அதனால நானும் மேல வாதம் பண்ணலை.

ராத்திரி ரூம் கதவு சாத்தவே முடியலை. கீழ ரெண்டு இன்ச் இடைவெளி, அதுக்கு ஒரு கட்டையை ஒட்டி வச்சிருந்தாங்க. விடிஞ்சதும் கேட்டேன். பழைய வீட்டுக் கதவாம், 2014 டிசம்பர்ல தலைமேல வச்சுத் தூக்கிட்டுப் போனதாம். புது நிலைக்கு அளவு சரியா வரலையாம்.