கடல் சேற்றில் புதையும் மணிச்சத்து

கேள்வி: யூரியா கரைந்து ஓடிவிடும், டி.ஏ.பி. மண்ணிலேயே தங்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால் வயல் உரம் கடலைக் கெடுக்கிறது என்பது எப்படி? போன சத்து திரும்ப வராதா?
– ஒரு விவசாயி, நாகை மாவட்டம்

பதில்: மணிச்சத்து எளிதில் கரைந்து ஓடாது என்பது சரிதான். அது களியோடும் இரும்போடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டியிருக்கும் மண் அடித்துச் செல்லப்பட்டால் கூடவே போய்விடும். கனமழையில் வடிகாலில் கலங்கலாக ஓடும் தண்ணீரில் மேல்மண்ணும், காசு கொடுத்து வாங்கிய உரமும் சேர்ந்தே போகின்றன.

இந்த வண்டல் முகத்துவாரத்திலும் கரையோரக் கடலடியிலும் படிகிறது. சேற்றின் மேற்பரப்பில் பிராணவாயு இருக்கும்வரை அங்குள்ள இரும்புத் துரு மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிராணவாயு தீர்ந்தால் துரு கரைந்து, சத்து தண்ணீருக்குத் திரும்பும். அதனால் பாசி பெருகும். பாசி செத்து மக்கும்போது மிச்சப் பிராணவாயுவும் தீரும், மீன் தங்காது, சேறு இன்னும் சத்தை விடும். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் நடப்பது இதுதான். 1980-களுக்குப் பிறகு சுற்றியுள்ள நாடுகள் கடலில் சேரும் மணிச்சத்தை வெகுவாகக் குறைத்தும், பழைய சேறு விடும் சத்தால் கோடையில் பாசி இன்னும் படர்கிறது.

சேற்றிலேயே தங்குவது சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து தாதுவாகிப் புதைகிறது. அது நிலத்துக்கு வரக் கடலடியே உயர வேண்டும். திருச்சி, பெரம்பலூர் மாவட்டங்களில் ஊட்டத்தூர், காரை பக்கம் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலில் உருவானவை. உரத் தொழிற்சாலைகளுக்கு மொராக்கோவிலிருந்து வரும் பாறையும் பழைய கடலடிப் படிவே. ஆக, போன சத்து பேரன் காலத்திலும் திரும்பாது.

இதே இரும்பு வேலை நெல் வயலிலும் நடக்கிறது. நீர் கட்டிய சேற்றில் பிராணவாயு குறைவதால் இரும்பின் பிடியிலுள்ள மணிச்சத்து விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கிறது. வயல் காய்ந்ததும் இரும்பு மறுபடி பிடித்துக்கொள்ளும். நெல் தரிசு உளுந்து மணிச்சத்துக்குத் தவிக்க இது ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை:

1. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்றிருந்தால் அடியுரத்தை அதற்கேற்பக் குறைக்கலாம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. பயிர் பச்சை கட்ட டி.ஏ.பி.யை மேலுரமாகத் தூவுவது வீண் செலவு.

2. அடியுரத்தைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். சேறு தெளியும் முன் மடையைத் திறக்கக் கூடாது. வரப்பு உடைப்பை மழைக்கு முன்பே அடைக்க வேண்டும்.

3. ஏக்கருக்கு 4 பாக்கெட் பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்துடன் கலந்து இட்டால், மண்ணில் கட்டுண்டிருக்கும் சத்தில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்கும்.

4. நெல் தரிசு உளுந்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்தெடுத்து, 190 லிட்டர் நீர் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை. இலை வழியே போவதால் மண்ணின் பிடியில் இது சிக்காது.