சவுக்கு விதையும் தாய்மரமும்

பிரம்மதேசம் சுற்றுவட்டாரத்திலும் கிழக்கே மரக்காணம் கடற்கரைப் பக்கத்திலும் சவுக்கு பயிரிடும் அங்கத்தினர்கள் உரத்துக்கும் கூலிக்கும் நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். விதைக்கு மட்டும் தாய் தந்தை கேட்பதில்லை. வெட்டு நடக்கும் தோப்பில், சாய்ந்த மரங்களில் கைக்கு எட்டிய காய்களைப் பறித்து உலர்த்தி உதறினால் விதை கிடைத்துவிடுகிறது. இது மலிவு என்ற எண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

விதை முளைப்பதென்பது ஈரம் பட்டதும் தானாக நிகழும் காரியமன்று. விதைக்குள் இரண்டு பொருள்கள் எதிரெதிராக நிற்கின்றன. அப்சிசிக் அமிலம் முளைக்கருவை உறக்கத்தில் வைக்கும். ஜிப்பெரலின் அதனை எழுப்பும். (பின்னதை ஜப்பானியர் கண்டறிந்தது, நெற்பயிரை அளவுமீறி நெட்டையாக்கும் ஒரு பூஞ்சண நோயை ஆராய்ந்தபோதுதான்.) இவை எப்போது, எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. முளைத்தபின் வேரோடும் வேகத்திலும் தண்டு நேராக எழுவதிலும் அவற்றின் ஆட்சி தொடர்கிறது. முளைக்கருவின் மரபணுக்களில் பாதி தாய்மரம் தந்தவை. பாதி மகரந்தம் ஈந்த மரத்தினுடையவை. விதைத்தோலோ முழுவதும் தாயினுடையது. ஒரே குடும்பத்து மரங்கள் தமக்குள் மகரந்தம் கலந்தால், நாற்றங்காலில் நோஞ்சான் கன்றுகள் மிகும்.

1988இல் கோயமுத்தூரில் நிறுவப்பெற்ற வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தார், வெளிநாடுகளிலிருந்து சவுக்கு விதைகளை வருவித்து வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். தேர்ந்த மரங்களைக் கொண்டு விதைத் தோப்புகளை அமைத்தனர். குளோன் கன்றுகளையும் வெளியிட்டுள்ளனர். மரங்களுள் முதன்முதலாகப் பாப்ளாரின் மரபணுத் தொகுதி 2006இல் வெளியிடப்பட்டது. அத்தகைய ஆராய்ச்சியின் பயன் நம் கழனிக்கு வந்து சேர நாளாகலாம். நல்ல தாய்மரத்தைத் தேர்வதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

குளோன் கன்று ஒரே சீராக வளரும் என்பது மெய். ஆயினும் வட்டாரம் முழுவதும் ஒரே குளோனை நட்டுவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. கொப்புளப் பட்டை நோய் போன்றதொன்று அதைப் பற்றிக்கொண்டால், தப்பிப் பிழைக்க வேறு வகை மரம் தோப்பில் இராது.

எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் சுமத்துவதும் முறையன்று. மாதக்கணக்கில் சாதாரண வெப்பத்தில் கிடந்த சவுக்கு விதை உயிரிழக்கும். தாய்ப்பாத்தியில் தூவிய விதையை எறும்பு இழுத்துப் போய்விட்டு, பழி விதையின்மேல் விழுவதும் உண்டு.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எண் தெரியாத கலப்பு நூலைப் பாவுக்கு அவர்கள் ஏற்பார்களா? பயிரிடுவோருக்கும் அக்கண்டிப்பு வேண்டும். தனித்தனியே விதை வாங்குவோர் கேட்டால் கிடைக்காத விவரம், சங்கம் மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும்: எந்தத் தோப்பு, எத்தனை தாய்மரங்கள், எந்த மாதம் சேகரித்தது. இம்மூன்றும் எழுதித் தராத விதையைச் சங்கம் வாங்கலாகாது. விலை சற்றுக் கூடும்தான். ஒரு கிலோவில் பல இலட்சம் விதைகள் அடங்குவதால், ஏக்கர் ஒன்றுக்கு அந்தக் கூடுதல் அற்பத் தொகையே. வந்த விதையில் நூறை எண்ணி ஈரமணலில் இட்டு, முளைத்தவை எத்தனை என்பதைச் சங்கப் பலகையில் எழுதிய பின்னரே விநியோகம் தொடங்கட்டும்.