சேமித்தால் போதுமா, தேட வேண்டாமா?

லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஏற்கெனவே ஓடுகிறது, எக்ஸ்எம்எல்லையும் அதிலேயே போட்டுவிடலாம், தனி டேட்டாபேஸ் வீண் சுமை என்று அடித்துச் சொல்கிறார்கள். போட்டு வைப்பதோடு வேலை முடிந்துவிடும் என்றால் சரிதான்.

போஸ்ட்கிரெஸின் எக்ஸ்எம்எல் தரவு வகைக்கு ஒப்பீட்டுக் குறிகளே கிடையாது. அதனால் அதன்மேல் நேரடியாக இண்டெக்ஸ் போட முடியாது. எக்ஸ்பாத் என்ற தேடல் மொழி தரும் விடையை டெக்ஸ்டாக மாற்றி அதற்குத்தான் போட வேண்டும். இன்ன கேள்விதான் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அது செல்லும். உதாரணமாக, ஒரு சுவடிப் பட்டியலில் அப்படியா? இன்று ஊர்ப்பெயர் கேட்பார்கள், நாளை அடிக்குறிப்புக்குள் ஊர்ப்பெயர் வரும் பத்திகளை மட்டும் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸில் கிடைப்பதோ எக்ஸ்பாத் 1.0. முழுக் கேள்வி மொழியான எக்ஸ்குவெரி இல்லை.

எக்ஸ்எம்எல்லுக்கென்றே உள்ள டேட்டாபேஸ்களான பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட் இரண்டும் எக்ஸ்குவெரி 3.1 அறிந்தவை. இரண்டும் திறமூலம். ஜாவா வேண்டுமே என்பது ஒரு புகாரா? லினக்ஸில் அது ஒரே கட்டளை.

அவற்றிலும் வில்லங்கம் உண்டு. பேஸ்எக்ஸில் தரவைத் திருத்தினால் இண்டெக்ஸ் தானாகப் புதுப்பிக்கப்படாது. அதற்கான அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும், அல்லது ஆப்டிமைஸ் கட்டளை கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேடல் மந்தம் என்று திட்டுபவர்களே அதிகம்.

ஒரே அச்சில் வார்த்த இன்வாய்ஸ்களுக்குப் போஸ்ட்கிரெஸ் போதும். அகராதி, சுவடி, சட்டத் தொகுப்பு என்றால் பேஸ்எக்ஸையே முதலில் நிறுவிப் பாருங்கள்.