மதுரை சுல்தான்களும் மூக்குடைஞ்ச சிலைகளும்

எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு கோயில்ல மூக்குடைஞ்ச சிலை இருந்தா போதும். "துலுக்கன் உடைச்சது தம்பி"ன்னு யாராச்சும் விளக்கம் குடுத்துருவாங்க. எந்த ராஜா, எந்த வருஷம்னு கேட்டா பதில் வராது. பக்கத்துல இருக்கிற மதுரையில தனியா ஒரு சுல்தான் அரசே நடந்துச்சுன்னு சொன்னா, "அப்டியா?"ம்பாங்க.

கதைச் சுருக்கம் இதுதான் மக்களே. 1335 வாக்கில், மதுரையில டெல்லி துக்ளக்கோட ஆளுநரா இருந்த ஜலாலுதீன் அஹ்சன் கான், "இனி நானே சுல்தான்"னு அறிவிச்சுட்டார். அஞ்சு வருஷத்துல அவரைக் கொன்னுட்டாங்க. அடுத்த ஆள் உதௌஜி, போர்ல அம்பு பட்டு காலி. அதுக்கடுத்த குத்புதீன் நாப்பதே நாள்ல கொலை. அப்புறம் வந்தவர்தான் கியாசுதீன் தம்கானி.

இந்த தம்கானிக்குச் சகலை யார் தெரியுமா? ஊர் சுற்றி இபின் பதூதா! ரெண்டு பேருமே அஹ்சன் கானோட மருமகன்கள். சகலையாச்சேன்னு அவர் எதையும் மூடி மறைக்கல. பிடிபட்ட ஜனங்களைக் கழுவேத்தினது, பெண்கள் குழந்தைகளைக் கொன்னது எல்லாத்தையும் எழுதிட்டு, இந்தப் பாவத்துக்குத்தான் ஆண்டவன் அவனுக்குச் சீக்கிரம் சாவு குடுத்தான்னும் எழுதி வச்சார்.

அவரே இன்னொண்ணும் சொல்றார். தம்கானியை எதிர்த்து வந்து தோத்து, கொல்லப்பட்ட ஹொய்சள ராஜா மூன்றாம் வீர வல்லாளன் படையில கிட்டத்தட்ட 20,000 முஸ்லிம்கள் இருந்தாங்களாம். இப்பச் சொல்லுங்க, இது மதச் சண்டையா, நாற்காலிச் சண்டையா?

1371 வாக்கில் விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரையைப் பிடிச்சார். 1378 வாக்கோட சுல்தான்களோட காசும் நின்னு போச்சு. மொத்தமே நாப்பத்து மூணு வருஷம்.

என் கருத்து இதுதான். தம்கானி செஞ்ச கொடுமையை "நல்லிணக்கம்"ங்கற பேர்ல மறைக்க வேண்டாம். மறைச்சா அந்த இடத்தை வதந்தி நிரப்பிக்கும். அதே சமயம், அந்தக் கணக்கை இன்னிக்கு நம்ம தெருவுல கடை வச்சிருக்கிற பாய்கிட்ட வசூல் பண்ண நினைக்கறது அக்கிரமம். தம்கானியைக் கண்டிச்சு எழுதி வச்சவரும் ஒரு பாய்தானே!

அடுத்த தடவை யாராவது உடைஞ்ச சிலையைக் காட்டினா, "எந்த வருஷம்ணே?"ன்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கே பாதி வெறுப்பு இறங்கிரும். மீதியைப் பின்னூட்டத்துல பேசுவோம் :)