பாசோவின் எண்ணும் செமினியின் மலைச்சரிவும்

செமினி அணைக்கட்டைச் சூழ்ந்த மலைக்காடு ஓராண்டில் எவ்வளவு கரிமத்தை உள்வாங்குகிறது, எவ்வளவு நீரை வானுக்குத் திருப்பித் தருகிறது என்று கணக்கிட முனைவோர் முதலில் நாடுவது பாசோவின் எண்களை. அதில் நியாயம் உண்டு. நெகிரி செம்பிலானின் பாசோ வனக் காப்பகத்தில் 52 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து அதில் எடுத்த எடி கோவேரியன்ஸ் அளவீடுகளில், 2003 முதல் 2009 வரையானவை உலகளாவிய ஃப்ளக்ஸ்நெட் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. யோஷிகோ கொசுகியும் அவருடைய குழுவினரும் அவற்றின் அடிப்படையில் எழுதிய கட்டுரைகளைப் படிக்காமல் இத்துறையில் நம் வட்டாரத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதை மறந்துவிட்டு அவற்றை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவது தவறு. ஒளிச்சேர்க்கை வழியாகப் பாசோ காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் கரிமத்தை எடுத்துக்கொள்கிறது. சுவாசத்தில் ஏறக்குறைய அவ்வளவையும் திருப்பி விடுகிறது. நாம் தேடும் நிகர மதிப்பு, இந்த இரண்டு பெரிய எண்களுக்கும் இடையிலுள்ள சிறிய மிச்சம். சுவாசக் கணக்கில் 5 விழுக்காடு பிசகினாலே ஒன்றரை டன் இடம் மாறும். காடு கரிமத்தைச் சேர்க்கிறதா, இழக்கிறதா என்ற முடிவே தலைகீழாகிவிடும்.

பிசகு பெரும்பாலும் இரவில்தான் நேர்கிறது. தீபகற்பத்தின் உட்பகுதியில் பொழுது சாய்ந்தால் காற்று அடங்கிவிடும். மண்ணும் மரங்களும் விடும் கரியமில வாயு விதானத்துக்குக் கீழேயே தேங்கும். உச்சியிலுள்ள கருவிக்கு அது எட்டாது. உராய்வு வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போகும் அரைமணிகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறோம். நம் இரவுகளில் நீக்கப்படுபவையே மிகுதி. அப்படியானால் ஆண்டுக் கூட்டுத்தொகையில் அளவீட்டின் பங்கு எவ்வளவு, நம் தெரிவின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். அமேசானின் தபஜோஸ் காட்டில் இந்தத் திருத்தம் இல்லாமல் பார்த்தபோது காடு கரிமத்தைப் பெருமளவில் சேர்ப்பதாகத் தெரிந்தது. திருத்தம் செய்ததும் அது கரிமத்தை இழக்கும் காடாக மாறியது. சலேஸ்காவும் அவருடைய குழுவினரும் 2003இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட அந்த முடிவு, வெப்பமண்டலத்தில் வேலை செய்யும் எவரையும் நிதானிக்க வைக்க வேண்டும்.

பாசோ கோபுரம் நிற்பது பெரும்பாலும் சமமான தாழ்நிலம். செமினியின் நீர்ப்பிடிப்போ தித்திவங்சா மலையடிவாரச் சரிவு. இங்கே இரவுக் குளிர்காற்று கரியமில வாயுவை ஏந்தி ஓடைப் பள்ளத்தாக்கு வழியே கீழிறங்கும். தேங்கியது காலையில் மேலெழுந்து கருவிக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை சரிவில் செல்லாது. விதானத்துக்குள் பல உயரங்களில் செறிவை அளந்தாலும் பக்கவாட்டில் வழிந்துபோனது கணக்கில் வராது.

நீரின் கணக்கு, பகலில் பெரும்பகுதி நிகழ்வதால், இவ்வளவு இரவுச் சிக்கல் இல்லாதது. அதற்குத் தனிச் சிக்கல் மழை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழையில் கருவி நனைந்து தரவு அறுந்துபோகும் நேரத்தில்தான் இலைகளில் தங்கிய நீரும் ஆவியாகிறது. போதாக்குறைக்கு, 2002இல் வில்சன் குழுவினர் 22 தளங்களை ஆராய்ந்தபோது, உணர்வெப்பமும் மறைவெப்பமும் சேர்ந்து, கிடைத்த ஆற்றலில் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தே நின்றன. பாசோவில் ஆண்டு மழை சுமார் 1,800 மி.மீ., ஆவியுயிர்ப்பு சுமார் 1,300 மி.மீ. ஓடைக்கு எஞ்சுவது 500 மி.மீ. அளவே. ஆவியுயிர்ப்பில் 10 விழுக்காடு பிழை என்றால் ஓடை நீரில் கால்வாசி பிழை. 2014இன் தொடக்க மாதங்களில் நீர்ப் பங்கீட்டை அனுபவித்த, 2021 டிசம்பரில் உலு லங்காட் வெள்ளத்தைக் கண்ட சிலாங்கூருக்கு இது ஏட்டுப் பிழையல்ல.

இதைச் சரிபார்க்க நம் நாட்டிலேயே வழி காட்டப்பட்டிருக்கிறது. 1980களில் பெரெம்புன் மலையில் அப்துல் ரஹிம் நிக் அருகருகே அமைந்த சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார். வழக்கமான மரவெட்டு நடந்த ஓடையில் நீர்வரத்து கூடியது. கண்காணிப்போடு வெட்டிய ஓடையில் அதைவிடக் குறைவாகவே கூடியது. மழைமானியும் ஓடைக் குறுக்கே கட்டிய அளவணையுமே அந்த ஆய்வின் அடிப்படை. கோபுரம் சொல்வதை ஓடை மறுக்கிறதா, ஏற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஏன் தேய்ந்தது?

இன்னொன்று. பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகி, செம்பனை வீட்டுத் தாமான்களாகிவரும் செமினியில் கோபுரம் நட்டால் காற்றுத் திசைக்கேற்ப அது பார்க்கும் நிலமே மாறும். திசைவாரியாகப் பிரிக்காத சராசரி எந்த நிலத்துக்கும் உரியதாகாது.

ஆகவே இவ்விதழுக்கு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டுத்தொகையை ஒற்றை எண்ணாகத் தராதீர்கள். உராய்வு வேக வரம்பை மாற்றினால் அது எவ்வளவு நகர்கிறது, இரவுத் தரவில் எத்தனை விழுக்காடு உண்மையில் அளந்தது, ஆற்றல் சமன்பாட்டின் இடைவெளி எவ்வளவு, அதை எப்படிப் பங்கிட்டீர்கள் என்பவற்றைச் சேர்த்தே எழுதுங்கள். அருகில் அளவணை உள்ள ஓடை இருந்தால் அதன் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துவராத கட்டுரையை நாங்கள் அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம்.